எம்டனுக்கு நான்காவது புகைபோக்கி: 1/350 பிளாஸ்டிக் கிட்டை 1914 அக்டோபர் கப்பலாக மாற்றுவது, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கிட், என்ன மாற்றம்?

ரெவெல் நிறுவனம் 1/350 அளவில் வெளியிட்ட எஸ்எம்எஸ் எம்டன் (எஸ்எம்எஸ் என்பது அந்தக் கால ஜெர்மன் போர்க்கப்பல்களின் பெயருக்கு முன் வரும் அடைமொழி). பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினால் மூன்று புகைபோக்கி உள்ள ஜெர்மன் இலகு ரகக் குரூசர், அதாவது வேகமான போர்க்கப்பல், கிடைக்கும். நமக்கு வேண்டியது முதல் உலகப் போரில், 1914 அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் நைசாக நுழைந்து, ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை மூழ்கடித்த எம்டன். அன்றைக்கு அதற்கு நான்கு புகைபோக்கி. நான்காவது வெறும் கித்தான், மரச்சட்டம். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பிரிட்டிஷ் குரூசர் யார்மவுத் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கப்பல்காரர்களே கட்டிக்கொண்ட வேஷம்.

அதாவது இந்த மாற்றத்தை முதலில் செய்தவர்கள் எம்டனின் மாலுமிகள்தான், அதுவும் கையில் கிடைத்த பொருளை வைத்து. முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கேயின் யோசனை அது. கப்பல் தளத்து லினோலியம் என்ற தரைவிரிப்பு பாழாகாமல் இருக்க விரிக்கும் கனத்த கித்தான் பட்டைகள் சுமார் 2 மீட்டர் அகலத்தில் இருந்தன, அதை எடுத்து முதல் புகைபோக்கிக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தால் பிரமாதம், எதிரே இருந்து பார்த்தால் தட்டைப் பலகையின் விளிம்பு மாதிரி ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் உருண்டையாகத் தெரியும்படி இன்னொன்றைச் செய்தார்கள்.

அது ஒரு நாளுக்கான மாடல்தானே, ஏன் தேதியில் இவ்வளவு பிடிவாதம்?

ஏனென்றால் தேதியை முடிவு செய்யாமல் கிட்டை வெட்டுகிறவர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் எந்த நாளுக்கும் பொருந்தாத ஒரு கப்பலைச் செய்துவிடுகிறார்கள். எம்டன் விஷயத்தில் சில வாரங்களில் கப்பலின் தோற்றமே மாறுகிறது. போருக்கு முன்பு சீனக் கரையில் ஜெர்மானியர் வைத்திருந்த சிங்டா துறைமுகத்தில் இருந்த எம்டன் வெள்ளை உடம்பும் மஞ்சள் கலந்த பழுப்புப் புகைபோக்கியுமாக இருந்தது. ‘கிழக்கின் அன்னம்’ என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. போர் தொடங்கியதும் சாம்பல் பூசிவிட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் போலிப் புகைபோக்கி வருகிறது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் மியூக்கே 50 பேரோடு நீராவிப் படகிலும் இரண்டு துடுப்புப் படகுகளிலும் கரையேறிவிட்டார், அதனால் ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னியோடு சண்டையிட்ட எம்டனில் அந்தப் படகுகள் இருக்கக் கூடாது. வெள்ளை எம்டனில் நான்கு புகைபோக்கி வைத்தால், எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தாலும் அது தப்புதான்.

ஆகவே முதல் வேலை கத்தி எடுப்பது இல்லை. ஒரு தாளில் தேதியை எழுதி, அந்தத் தேதி என்னென்ன கேட்கிறது என்று பட்டியல் போடுங்கள். பினாங்குக்கு என் பட்டியல் இவ்வளவுதான்: சாம்பல் நிறம், உருண்டையான போலிப் புகைபோக்கி, எல்லாப் படகுகளும் அதனதன் இடத்தில், கப்பல் நிலக்கரி நிரம்பித் தாழ்ந்து மிதப்பது, அமைதியான துறைமுகத் தண்ணீர். பட்டியலில் இல்லாத எதையும் மாற்றாதீர்கள்.

சென்னைக்காரர்களுக்கு எம்டன் என்றாலே 1914 செப்டம்பர் 22 இரவுதானே, அதைச் செய்யக் கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில் வந்து, தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் சுட்டுவிட்டுப் போனது. மொத்தம் 130 குண்டுகள் அளவில். உயர் நீதிமன்ற வளாகத்தின் மதில் ஓரம் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சியின் அழகு முழுக்க விளக்கிலும் தீயிலும் இருக்கிறது, கப்பலில் வெட்டி ஒட்ட வேண்டிய வேலை குறைவு. எல்இடி, ஒயர், பேட்டரி என்று அது வேறு பாதை. கிட்டை மாற்றிப் பழக வேண்டும் என்றால் பினாங்குதான் சரியான பாடம் என்பது என் கட்சி.

செண்பகராமன் பிள்ளையின் உருவத்தை மேல்தளத்தில் நிறுத்தலாமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. அவர் எம்டனில் வந்து மெட்ராஸ்மேல் குண்டு போட்டார் என்பது நம்மூரில் பரவலாகச் சொல்லப்படும் கதை. 1914 செப்டம்பரில் அவர் ஜூரிக்கில் இந்திய விடுதலைக்கு ஆதரவான குழு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார், அங்கிருந்து பெர்லினுக்குப் போனார். வங்காள விரிகுடாவில் ஒரு காலும் ஜூரிக்கில் ஒரு காலும் வைக்க முடியாது. 1/350-ல் ஐந்தரை அடி ஆள் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு, முகமே தெரியாது, ஆகவே யாரை நிறுத்தினாலும் அவர் யாரென்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். நான் நிறுத்த மாட்டேன்.

டிரெஸ்டன் கிட் மலிவாகக் கிடைக்கிறது, அதை வைத்து எம்டன் செய்யலாமா?

செய்யலாம். இரண்டும் அக்காதங்கைக் கப்பல்கள். பெரிய வித்தியாசம் எஞ்சினில்: எம்டனில் பழைய பிஸ்டன் நீராவி எஞ்சின், இரண்டு புரொப்பல்லர், டிரெஸ்டனில் டர்பைன், நான்கு புரொப்பல்லர். தண்ணீர் மட்டத்தோடு வெட்டப் போகிறீர்கள் என்றால் அந்த வித்தியாசம் குப்பைக்கூடைக்குப் போய்விடும். மேலே சின்னச் சின்ன வேறுபாடுகளுக்குப் புகைப்படத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அளவுகள் என்ன?

உண்மைக் கப்பல் 118.3 மீட்டர் நீளம், 13.5 மீட்டர் அகலம். 350-ஆல் வகுத்தால் 338 மில்லிமீட்டரும் 38.6 மில்லிமீட்டரும். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து: முன்னால் இரண்டு பக்கம் பக்கமாக, பின்னால் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. குழாய் நீளம் 40 காலிபர், அதாவது வாய் விட்டத்தைப் போல் 40 மடங்கு, 4.2 மீட்டர், மாடலில் 12 மில்லிமீட்டர். கிட்டில் வரும் குழாய்கள் உங்கள் கண்ணுக்குத் தடிமனாகத் தெரிந்தால் 12 மில்லிமீட்டருக்குப் பித்தளை ஊசி அல்லது கடைந்த பித்தளைக் குழாய் மாற்றலாம், கட்டாயம் இல்லை. டார்பிடோக் குழாய்கள் இரண்டும் தண்ணீருக்கு அடியில் இருப்பவை, மேல்தளத்தில் தேடாதீர்கள்.

ஒரு வெர்னியர் (நுட்பமாக அளக்கும் காலிப்பர் கருவி) வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு ‘கிட்டத்தட்ட’ என்று அளப்பது எங்காவது ஓரிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் மட்டத்தோடு வெட்ட வேண்டுமா, ஸ்டாண்டில் நிறுத்தக் கூடாதா?

ஸ்டாண்டில் நிறுத்தினால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் கித்தான் புகைபோக்கி என்பது கடலில் போகும்போது போடும் வேஷம். சிவப்பு அடிப்பாகமும் பளபளக்கும் புரொப்பல்லருமாக மரப்பலகைமேல் நிற்கும் கப்பலில் அது ஒட்டாமல் நிற்கும். வெட்டச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

எந்த இடத்தில் வெட்டுவது?

இங்கேதான் நிறையப் பேர் கிட்டில் குறித்திருக்கும் நீர்மட்டக் கோட்டிலேயே ரம்பத்தை வைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடலாம். எம்டனின் வடிவமைப்பு எடை 3,664 டன், முழுச் சுமையோடு 4,268 டன். இடையில் 600 டன் வித்தியாசம். இந்த நீள அகலம் உள்ள மெல்லிய கப்பல் ஒரு சென்டிமீட்டர் தாழச் சுமார் 11 டன் பிடிக்கும் என்று தோராயமாக வைத்தால், முழுச் சுமையில் அரை மீட்டருக்கு மேல் தாழும். மாடலில் அது ஒன்றரை மில்லிமீட்டர். பினாங்குக்கு இரண்டு நாள் முன்புதான் எம்டன் நிக்கோபார் தீவுகளில் பூரஸ்க் என்ற, தானே பிடித்து வைத்திருந்த நிலக்கரிக் கப்பலிலிருந்து கரி ஏற்றியது. ஆகவே வயிறு நிரம்பிய கப்பல். கிட்டின் நீர்மட்டக் கோடு வடிவமைப்பு எடைக்கு உரியது என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் மேலே என் வெட்டுக்கோட்டைப் போடுவேன். கேட்கும்போது அற்பமாகத் தெரியும், ஆனால் கப்பல் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறதா இல்லை தண்ணீர்மேல் வைத்திருக்கிறதா என்பதை இந்த ஒரு மில்லிமீட்டர்தான் தீர்மானிக்கிறது.

வெட்டும் விதம்: உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே தனித்தனியாக வெட்டுங்கள். கனமான லேபிள் டேப்பைக் கோட்டின்மேல் ஒட்டி அதன் விளிம்பை வழிகாட்டியாக வைத்து, கீறும் கத்தியால் மெதுவாகப் பல தடவை இழுத்தால் பிளாஸ்டிக் தானாகப் பிளந்துகொள்ளும். ரம்பம் வைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் ரம்பத்தின் பல் அகலம் பொருளைத் தின்னும், அதனால் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் கீழே வெட்டி மிச்சத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்ப்பதற்குத் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் உடம்பை எட்டு போடுவதுபோல் நகர்த்துங்கள். கண்ணாடி சமமாக இருப்பதால் அடியும் சமமாகும்.

வெட்டிய பிறகு பக்கங்கள் உள்ளே மடங்கப் பார்க்கும். உள்ளே மூன்று நான்கு இடங்களில் பிளாஸ்டிக் ஷீட்டில் குறுக்குத் தட்டு வெட்டி ஒட்டிவிடுங்கள். நடுவில் வெளி அகலம் 38.6 வருகிறதா என்று அளந்து, மேல்தளத்தை ஒட்டாமல் வைத்துப் பார்த்து, பிறகு பசை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சரி, போலிப் புகைபோக்கியை எப்படிச் செய்வது?

முதலில் இடம். முன் புகைபோக்கிக்கு முன்னால், அதற்கும் பாலத்துக்கும் (கப்பலை இயக்கும் மேடைக்கும்) இடையில். அங்கே காற்றுக் குழாய்களின் வாய்கள் எல்லாம் நெருக்கமாக இருக்கும், எனவே மேல்தளத்துப் பொருட்களை ஒட்டாமல் வைத்துப் பார்த்து, ஒரு பென்சில் துண்டையோ காகிதக் குழலையோ நிறுத்தி, எந்த இடத்தில் நின்றால் பக்கவாட்டுப் பார்வையில் நான்கும் சீரான இடைவெளியில் வருகிறது என்று தேடுங்கள். முழுச் சீர் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை, அது அசல் கப்பலின் பிரச்சினையும்கூட.

இரண்டாவது உருவம். கிட்டின் முன் புகைபோக்கியின் வெளி அளவை வெர்னியரில் எடுத்து அதற்கு நெருக்கமான பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த அளவுக்குத் தேய்த்த மரக்குச்சியின்மேல் 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் வளைவு நிலைத்துவிடும். உயரம் பக்கத்துப் புகைபோக்கியின் உச்சியோடு சமமாக இருக்கட்டும்.

மூன்றாவது, அது பொய் என்று தெரிய வேண்டும், ஆனால் கூவிச் சொல்லக் கூடாது. இதுதான் இந்த மாடலின் முழு ருசியும். பலர் அதைக் கந்தல் துணி மாதிரி சுருக்கம் சுருக்கமாகச் செய்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழச் சுருக்கம் 1/350-ல் 0.03 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. நான் செய்வது: குழாயின்மேல் மெல்லிய தையல் நூலைச் சமதூரத்தில் மூன்று நான்கு வளையமாகச் சுற்றி ஃபெவிக்விக்கில் நிறுத்தி, அதன்மேல் ஒற்றை அடுக்கு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தி, காய்ந்ததும் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு. உள்ளே இருக்கும் சட்டத்து வளையங்கள் லேசாகத் துருத்திக்கொண்டு தெரியும், பக்கத்தில் நிற்கும் தகரப் புகைபோக்கியின் வழவழப்பு இதில் இருக்காது. போதும்.

இல்லாதவற்றையும் கவனியுங்கள். அசல் புகைபோக்கியை ஒட்டி ஏறும் நீராவிக் குழாய் இதற்கு வேண்டாம், அடியில் கனத்த உறை வேண்டாம், உச்சியில் கரி படிந்த கறுப்பு வேண்டாம். தொங்கவிட்ட பொருள் என்பதால் உச்சியிலிருந்து முன் கம்பத்துக்கும் பின்னால் இருக்கும் புகைபோக்கிக்கும் கயிறு போகட்டும், தேவைப்படும்போது இறக்கி ஏற்றும்படி கட்டியிருந்தார்கள். நிறத்தில் பக்கத்துச் சாம்பலை விட ஒரு துளி மங்கலாகவோ பழுப்பாகவோ கலந்துகொள்ளுங்கள். துணி பெயின்ட்டைக் குடிக்கும், தகரம் குடிக்காது. கோகோஸ் தீவில் கேபிள் (கடலடித் தந்தி) நிலையத்துக்காரர்கள் வந்தது எந்தக் கப்பல் என்று சந்தேகப்பட்டதற்கு இந்தக் கித்தான் புகைபோக்கியும் ஒரு காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த அளவுக்கு வித்தியாசம் காட்டுவது என்பது பிடிபடும்.

புகையும் காட்டலாமா?

பஞ்சில் புகை செய்வது எனக்குப் பிடிக்காது, ஆனால் செய்கிறவர்கள் மூன்றில் மட்டும் செய்யுங்கள். நான்காவதிலிருந்து புகை வந்தால் கப்பலில் தீ என்று அர்த்தம்.

தட்டையான முதல் வேஷத்தைச் செய்தால் என்ன?

அது இன்னும் சுவாரசியம் என்றே சொல்வேன், ஆனால் தேதி போலிப் புகைபோக்கி முதலில் வந்த ஆகஸ்டு கடைசியை ஒட்டியதாக இருக்க வேண்டும். 2 மீட்டர் கித்தான் பட்டை 5.7 மில்லிமீட்டர். காகிதத்தில் அந்த அகலத்துக்கு வெட்டி, மெல்லிய சட்டம் கொடுத்து, கயிற்றில் தொங்கவிடுங்கள். பார்க்கிறவர் மாடலைச் சுற்றி வரும்போது பக்கத்தில் புகைபோக்கி, முன்னால் ஒன்றுமே இல்லை. இதைப் பார்த்துச் சிரிக்காத விருந்தாளி கிடையாது.

என்ன சாம்பல்?

கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு இந்தச் சாம்பல்தான் என்று சாதிக்கிறவரோடு வாதாட வேண்டாம். நான் உடம்புக்குத் தமியா கம்பெனி பெயின்ட்டில் எக்ஸ்எஃப்-20, அதையே கொஞ்சம் வெளுப்பாக்கி மேல்கட்டுமானத்துக்கு. எதுவானாலும் புட்டியிலிருந்து எடுத்த நிறத்தில் ஏழில் ஒரு பங்கு வெள்ளை கலந்துவிடுங்கள். 338 மில்லிமீட்டர் கப்பலைக் கையில் பிடித்துப் பார்ப்பது நிஜக் கப்பலை நூறு மீட்டருக்கும் அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம், அந்தத் தூரத்தில் எல்லா நிறமும் வெளிறும். மேல்தளத்து லினோலியத்துக்கு எக்ஸ்எஃப்-79 எடுத்து, அதிலும் சாம்பல் கலந்து மந்தமாக்குங்கள். ஜப்பானியக் கப்பல்களுக்காக வந்த நிறம் அது, அப்படியே அடித்தால் ரொம்பச் செம்மண்ணாக இருக்கும்.

சென்னை, கொழும்பு மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: மழைக்காலத்தில் லேக்கர் பிரைமர் ஸ்ப்ரே அடித்தால் காய்ந்ததும் வெள்ளைப் பூசணம் மாதிரி ஒரு படலம் வரும். காற்றின் ஈரம் பெயின்ட்டில் இறங்குவதுதான் காரணம். வெயில் ஏறிய பிறகு, காற்று உலர்ந்திருக்கும் நேரத்தில் மெல்லிய பூச்சாக அடியுங்கள். அவசரம் என்றால் ஏசி ஓடி ஈரம் குறைந்த அறையில் காய வைக்கலாம், ஆனால் அங்கே ஸ்ப்ரே அடிக்காதீர்கள், நுரையீரல் உங்களுடையது.

துரு எவ்வளவு அடிக்கலாம்?

நினைப்பதில் பாதி. எம்டன் மூன்று மாதமாக எந்தத் துறைமுகத்திலும் ஒழுங்காக நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் அக்டோபர் 9 வாக்கில் டியேகோ கார்சியாவுக்குப் போனது. போர் வந்ததே தெரியாமல் அந்தத் தீவுக்காரர்கள் வரவேற்க, அங்கே கப்பலை ஒரு பக்கம் சாய்த்து அடிப்பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். சுத்தம் செய்து மூன்று வாரம் கூட ஆகாத கப்பலுக்குக் கைவிடப்பட்ட படகு மாதிரி துரு பூசாதீர்கள். நங்கூரத் துளைக்குக் கீழே, தண்ணீர் வெளியேறும் துளைகளுக்குக் கீழே மெல்லிய கோடு. துருவுக்குப் பதிலாக இந்தக் கப்பலில் காட்ட வேண்டியது கரி.

கரியா?

ஆமாம், நிலக்கரி. பன்னிரண்டு கொதிகலன்களுக்கும் தீனி அதுதான். நடுக்கடலில், பக்கத்தில் இன்னொரு கப்பலை நிறுத்தி, மூட்டை மூட்டையாகக் கையால் ஏற்றிய கப்பல். எங்கே அடுத்து கிடைக்கும் என்று தெரியாததால் மேல்தளத்திலும் குவித்துக்கொண்டார்கள். நடுப்பகுதியில் பீரங்கிகளுக்கு இடைஞ்சல் இல்லாத மூலைகளில் சின்னக் குவியல்கள் வையுங்கள். அசல் அடுப்புக்கரியை அரைத்துச் சலித்த தூள் நன்றாக இருக்கும், பெயின்ட்டே வேண்டாம். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டாக விட்டு நிறுத்துங்கள். மூட்டைகள் வேண்டுமென்றால் எபாக்சி புட்டியை உருட்டி ஒன்றரை மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி நடுவில் அழுத்திவிடுங்கள். குவியலைச் சுற்றி மட்டும் கறுப்புப் பொடியைத் தூரிகையால் பரப்பினால் தளம் தானாக அழுக்காகும்.

கைப்பிடிக் கம்பிகளுக்குப் பித்தளைத் தகடு செட் வாங்க வேண்டுமா?

வாங்கினால் நல்லது. பிளாஸ்டிக் கம்பிகள் இந்த அளவில் வேலி மாதிரி தெரியும். காசு ஒரு இடத்தில்தான் போட முடியும் என்றால் இங்கே போடுங்கள். வேறு எந்தக் கூடுதல் செட்டும் இந்தக் கப்பலுக்கு அவசியமில்லை.

கயிறுகள்?

கிட்டின் ஸ்ப்ரூவையே (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையே) மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, பளபளப்பு வந்ததும் சுடரிலிருந்து விலக்கி இழுத்தால் தலைமுடி போல் நூல் வரும். இழுக்கும் வேகம் கூடினால் மெல்லியதாகும். போலிப் புகைபோக்கியின் கயிறுகளுக்கு இதில் கொஞ்சம் தடித்ததை வையுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிக்விக்கை ஊசி முனையில் தொட்டு வைக்க வேண்டும், டியூபிலிருந்து நேராக விட்டால் சொட்டு முத்து மாதிரி நின்றுவிடும்.

எந்தப் படங்களைப் பார்ப்பது?

போருக்கு முந்தைய படங்கள் நிறைய உண்டு, வடிவத்துக்கு அவை போதும். ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தொகுப்பில், சிட்னியோடு நடந்த சண்டைக்குப் பிறகு கோகோஸ் கூட்டத்து வடக்குக் கீலிங் தீவில் தரைதட்டிக் கிடக்கும் எம்டனின் படங்கள் இருக்கின்றன, பீரங்கிக் கேடயம், தளத்து விவரம் இவற்றுக்குத் தங்கச் சுரங்கம். சிட்னி நகரத்து ஹைட் பார்க்கில் எம்டனின் பீரங்கி ஒன்றே நிற்கிறது, அங்கே இருக்கும் நண்பர் யாரையாவது எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நினைவிருக்கட்டும், தரைதட்டிய படங்களை வைத்துப் புகைபோக்கியையோ முன் கம்பத்தையோ முடிவு செய்ய முடியாது. சிட்னி குரூசரின் கேப்டன் குளோசப் தன் அறிக்கையில் எழுதிய வரிசைப்படி முதலில் முன் புகைபோக்கி விழுந்தது, அப்புறம் முன் கம்பம், அப்புறம் இரண்டாவது, கடைசியாக மூன்றாவது. இவற்றில் எதுவும் மிச்சமில்லை.

துறைமுகத் தண்ணீர் எப்படி?

நீலமாக வேண்டாம். மலாக்கா ஜலசந்திக் கரையோரத் தண்ணீர் கலங்கலான பச்சைச் சாம்பல். அதிகாலை என்பதால் இன்னும் இருட்டாக. தெர்மாகோல் பலகையில் கப்பல் உட்காரும் பள்ளம் வெட்டி, மேலே டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டும்போது வரும் சின்னச் சுருக்கமே துறைமுக அலைக்குப் போதும். பெயின்ட், அதன்மேல் இரண்டு மூன்று பூச்சு கிளாஸ் வார்னிஷ். முன்பக்கத்தில் பெரிய நுரை மீசை வைக்காதீர்கள், எம்டன் உள்ளே மெதுவாகத்தான் வந்தது.

முதல் மாடலாகவே இதைச் செய்யலாமா?

வேண்டாம். வெட்டுவது பயமில்லை, பித்தளைக் கம்பிகள்தான் பயம். முதலில் ஏதாவது மலிவான 1/700 கப்பலைப் பெட்டியில் உள்ளபடி முடித்துவிட்டு வாருங்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாவிட்டாலும் இந்த எம்டன் முடியும், ஸ்ப்ரே டின்னும் நல்ல தூரிகையும் போதும்.

என்ன கொடி ஏற்றுவது?

எம்டன் துறைமுகத்துக்குள் நுழையும்போது ஜெர்மன் கொடி இல்லை, தாக்குவதற்குச் சற்று முன்புதான் ஏற்றினார்கள். ஆகவே நுழையும் காட்சி என்றால் கம்பம் வெறுமையாக, தாக்கும் காட்சி என்றால் ஏகாதிபத்தியக் கடற்படையின் போர்க்கொடி: வெள்ளையில் கறுப்புச் சிலுவை, நடுவில் கழுகு, மூலையில் கறுப்பு வெள்ளை சிவப்பு. கிட்டில் வரும் காகிதக் கொடியை ஒட்டுவதற்கு முன் பென்சிலில் சுற்றி லேசாக வளைத்துவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று முடிவு செய்து புகை, கொடி இரண்டையும் அதே பக்கம் திருப்புங்கள். கொடி வேண்டுமென்றால் பீரங்கிகளையும் வலது இடது பார்த்து ஜெம்சுக் இருக்கும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், அது பசை போடுவதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.